நாகர்கோவில் போய்வரும் தூரம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் நாற்பத்தெட்டாம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பழைய பதிவு அதிகாரியிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். தருகிறேன் என்றோ தரமாட்டேன் என்றோ அவர் முப்பது நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சொல்லாமல் இருந்தால் தந்துவிட்டதாகவே கொள்ளப்படும்.

மௌனத்துக்கு இவ்வளவு நல்ல பொருள் சொன்ன சட்டங்கள் குறைவு. போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பிரிவை நம்பிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் முப்பத்தோராவது நாள் மறுபடியும் கவுண்டரில் வந்து நிற்பார்கள். ஆனாலும் அதை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருப்பார் என்றே நினைத்துக்கொள்வேன். பதிலுக்குக் காத்திருப்பவனின் பக்கம் நின்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார்.

போன வருடம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தப் பிரிவு என் வீட்டுக்கும் பொருந்தியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மனைவியிடம் இரண்டு கேள்விகள் நிலுவையில் இருந்தன. ஒன்று டாக்டர் கேட்டது, மற்றது நான் கேட்டது. டயாலிசிஸ் செய்துகொள்ளச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். தள்ளுபடியில் வரும் ஒரு காரை வாங்கலாமா என்று நான் கேட்டேன். இருவருக்கும் அவள் சொன்னது ஒரே பதில்.

"ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்."

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் எடை தெரியும். பெண் கேட்டுப் போனால் சொல்வார்கள். நிலம் விலைக்கு வந்தால் சொல்வார்கள். இடமாற்ற உத்தரவு வாங்கியவன் குடும்பத்தோடு போவதா தனியாகப் போவதா என்று கேட்டாலும் சொல்வார்கள். சம்மதம் என்று பொருளாகலாம், மறுப்பு என்றும் ஆகலாம். பெரும்பாலும் இப்போது என்னைக் கேட்காதே என்பதுதான் பொருள். அலுவலக மொழியில் சொன்னால் கோப்பு மேலே போய்விட்டது. எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கவும் முடியாது, நினைவூட்டலும் அனுப்ப முடியாது. அனுப்பினால் விசுவாசம் இல்லாதவன் என்று பெயர் வரும்.

டாக்டர் நாகர்கோவிலில் இருக்கிறார். பேசுவதில் மிச்சம் வைக்காதவர். இரண்டு சிறுநீரகங்களும் இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும் என்றார். அதற்குள் கையில் ஒரு சிறு அறுவை செய்து ரத்தக்குழாயைத் தயார் பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும், அது பக்குவமாக ஒன்றரை மாதமாவது ஆகும், கடைசி நேரத்தில் கழுத்தில் குழாய் போட்டுத் தொடங்குவது நல்லதல்ல என்றார். பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். என் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், டாக்டரும் அப்படித்தான்.

"டீச்சர், ஆகஸ்டுக்குள்ள சொல்லிருங்க. அதுக்குப் பெறகு நான் கேக்க மாட்டேன், உடம்புதான் கேக்கும்."

அவள் தலையசைத்தாள். ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். டாக்டரின் மகள் பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் எடுத்தாள் என்று விசாரித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அவள் ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய அக்கா கீரிப்பாறை மலையில் இருந்தார். அக்காவின் கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை, தோட்டத்துக் குவார்ட்டர்சில் குடியிருப்பு. அந்த அக்காவுக்கும் இதே வியாதி. மலையிலிருந்து இறங்கி நாகர்கோவில் வந்து படுத்து, மறுபடியும் மலை ஏறி, நான்கு வருடம். விடுமுறை எடுக்க முடிந்த நாளெல்லாம் கூடவே போனவள் என் மனைவிதான். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, எனக்கு இப்படி வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்போது அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அதனால் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

டாக்டரைப் பார்த்து வந்த மறுவாரம், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போனில் அழைத்தார். திருவனந்தபுரத்தில் ஒரு ஷோரூமில் டெமோ வண்டி ஒன்று நல்ல தள்ளுபடியில் நிற்கிறது, பிளக்-இன் ஹைபிரிட், அதிகம் ஓடாதது, நீ உன் பழைய வண்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே என்றார். என் பழைய வண்டிக்குப் பதினைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த வண்டியில் எங்கள் ஊர் தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய் இறங்கினால் ஆரோக்கியமாக இருப்பவனுக்கே இடுப்பு வலிக்கும். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்ட உடம்பை அதில் வைத்துக் கொண்டுவருவது எப்படி என்ற யோசனை டாக்டரின் அறையிலேயே எனக்கு வந்துவிட்டது. அவள் சம்மதிக்காத ஒன்றுக்கு வாகன ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். கார் வாங்கலாமா என்று கேட்பது எளிது. மற்றதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வகை வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, வீட்டு பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் உண்டு. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம் வரை சத்தமில்லாமல் பேட்டரியில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறும். சாதாரண ஹைபிரிட் தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும், அதில் பிளக் கிடையாது. இதில் பிளக் போட மறந்தால் கனத்த பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும். முழு மின்சார வண்டி வேண்டும் என்பவன் இதை வாங்க மாட்டான், பெட்ரோல் போதும் என்பவனும் வாங்க மாட்டான். அதனால்தான் தள்ளுபடி. திருவனந்தபுரத்தில் போய் நின்றால் பாண்டி என்றும் சென்னையில் போய் நின்றால் மலையாளி என்றும் பெயர் வாங்குகிற எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு அப்படிப்பட்ட வண்டிமேல் ஒரு பாசம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. சும்மா ஒரு பயணம் என்றதும் வந்தாள். ஷோரூமில் எங்களைக் கவனித்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தமிழ்நாட்டு வண்டி எண்ணைப் பார்த்ததும் அவருடைய தமிழை எடுத்து வெளியே வைத்தார். என்னை முன்னால் உட்காரவைத்து அவளைப் பின்னால் ஏற்றி நகரத்துக்குள் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனார். உண்மையிலேயே சத்தம் இல்லை. பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை. பேசுவதற்கு நிறைய வைத்திருந்தவர், என்னிடம் அதிகம் செல்லாது என்று தெரிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சாரே, இது எல்லார்க்கும் உள்ள வண்டி இல்ல. தெவசமும் கொஞ்சம் தூரம் போணும், வீட்டுல சார்ஜ் செய்யணும், நெறைய வருஷம் கையில வைக்கணும். அப்படி உள்ளவர்க்குக் கொள்ளாம், நல்ல வண்டி. சார் எத்தன வருஷம் வைக்கும்?"

"பத்து" என்றேன். விண்ணப்பத்தில் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதற்காக நிரப்பும் கட்டத்தைப் போலத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கருவியில் அதைக் குறித்துக்கொண்டார். பின்சீட்டில் அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது எல்லையைத் தாண்டினோம். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறியபோது சொன்னாள்.

"பத்து வருஷம்னு சொன்னிய."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அவன் எழுதிக்கிட்டான்."

பாலத்தை இறங்குவதற்குள் நான் கேட்டுவிட்டேன். வாங்கலாமா என்று. ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கேரளப் பதிவு, கம்பெனி பெயரில் உள்ளது, பெயர் மாற்றம் வேண்டும், தடையின்மைச் சான்று வேண்டும், அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வேண்டும், இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் எனக்குக் காலையில் பல் தேய்ப்பது மாதிரி. சர்வீஸ் செய்ய வேண்டுமானால் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். எஞ்சின், பேட்டரி என்று இரண்டு யந்திரம் இருப்பதால் கெடுவதற்கும் இரண்டு வழி. பேட்டரிக்கு உத்தரவாதம் இன்னும் பல வருடம் மிச்சம் இருந்தது. தென்மேற்குப் பருவமழையில் எங்கள் பக்கம் ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகும். அப்படிப்பட்ட நாளில் பெட்ரோலில் போகலாம், அதுதான் முழு மின்சார வண்டியைவிட இதில் உள்ள சௌகரியம். ஒரு நாளும் தவறவிடக் கூடாத பயணத்துக்கு இதைவிட ஏற்ற வண்டி கிடையாது.

வீட்டிலிருந்து டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தூரத்தைப் பழைய வண்டியில் ஓட்டி அளந்தேன். நாற்பதை ஒட்டி வந்தது. பேட்டரியிலேயே போய் பேட்டரியிலேயே வந்துவிடலாம். திங்கள், புதன், வெள்ளி. நடுவில் சார்ஜ் போட ஒவ்வொரு நாள் ஓய்வு. அந்த வண்டியை யாரோ இதற்காகவே செய்தது போல் இருந்தது.

அதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னேன். வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவில் போய்வருவதாக வைத்துக்கொண்டால் ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகாது என்றேன். அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வாரத்துக்கு மூணு நாளு நாகர்கோவில்ல நமக்கு என்ன சோலி?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. பூனை வந்து நின்றது, அதை விரட்டுகிற சாக்கில் அங்கிருந்து போய்விட்டேன்.

எங்கள் மகன் தோஹாவில் இருக்கிறான். தான் முடிவெடுக்கும் வரை நோய் விஷயம் அவனுக்குத் தெரியக் கூடாது என்பது அவள் உத்தரவு. அதனால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம், வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த அப்பாவுக்கு ஓய்வுபெற்ற பிறகு திடீரென்று சொகுசு வண்டி ஆசை வந்துவிட்டது என்பதுதான். அவனுக்கு அதில் பரம சந்தோஷம். வாரத்தில் இரண்டு தடவை அழைத்து அதைப் பற்றியே பேசினான். ஹைபிரிட் வேண்டாம், இரண்டுங்கெட்டான், முழு எலக்ட்ரிக் எடுங்கள், பாதிப் பணம் நான் தருகிறேன் என்றான்.

"அப்பா, இப்பதான் நீங்க மனுசனா ஜீவிக்கத் தொடங்குதிய. இன்னும் ஃபைல் பாத்துட்டு இருக்காதிய. அம்மாய கூட்டிட்டு ஊரு சுத்துங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவனுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகனிடம் அவள் சமையல், மழை, பேரனின் பல் என்று எல்லாவற்றையும் பேசினாள். காரைப் பற்றிக் கேட்டபோது மட்டும், ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்றாள். அவன் சிரித்தான். அம்மாவிடம் ஒரு அனுமதி வாங்குவதற்குள் கம்பெனி அடுத்த மாடலை விட்டுவிடும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஜூலையும் நடந்துகொண்டிருந்தது. முப்பது நாள் கடந்தது. நாற்பத்தெட்டாம் பிரிவு என் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். பதில் இல்லை என்றால் அனுமதி என்று வைத்துக்கொண்டு, கார் ஷெட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்றும் சரியான எர்த்தும் வைக்க ஆள் கூப்பிட்டேன். எர்த்துக்குக் குழி தோண்டும் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அந்த ஆளிடம் டீயா காப்பியா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கால்வீக்கம் மட்டும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகப் பழைய செருப்பு நுழையவில்லை. ஒரு அளவு பெரியதாக வாங்கிக்கொண்டாள்.

ஷோரூம்காரர் மாதக் கடைசி என்று சொன்ன கெடுவை இரண்டு தடவை நீட்டிக்கொடுத்தார். டாக்டர் சொன்ன கெடுவை நீட்டிக்கொடுக்க ஆள் இல்லை. கீழே பதில் வராவிட்டால் மேலே போவதுதான் நடைமுறை. எனக்கு ஜெபத்தில் பெரிய பழக்கம் கிடையாது. ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், காணிக்கை போடுவேன், பிரசங்கம் நீண்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். எங்கள் கோவில் வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. தேவைகளை எழுதிப் போட்டால் பெண்கள் சங்கத்தார் வாரக் கூட்டத்தில் அதற்காக ஜெபிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு அதில் ஒரு சீட்டு போட்டேன். நோயைப் பற்றி எழுத அவள் அனுமதி கிடையாது. அதனால், எங்கள் வீட்டில் ஒரு வாகனம் சம்பந்தமான முடிவு நல்லபடியாக அமைய வேண்டும் என்று எழுதினேன். பெறுபவருக்கு விவரம் தெரியும், எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பெறுபவருக்குத் தெரிந்திருக்கலாம். நடுவில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அடுத்த வீட்டில் இருக்கும் அம்மாள்தான் கடைசி ஜெபம் செய்வார். அவர் ஜெபத்தைத் தொடங்கினால் அடுப்பில் அரிசி போட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சங்கடம்தான். நான் முன்னறையில் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். மழைக்காக, பள்ளிக்கூடங்களுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு இந்த வயசுகாலத்துல நீர் தந்தருளின புதிய வாகனத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். அதின் சக்கரங்களைக் காத்தருளும். பிரேக்கைக் காத்தருளும். எதிரே வருகிற டாறஸ் லாரிகளுக்கு விலக்கிக் காத்தருளும்."

கண்ணை மூடியிருந்த எல்லோரும் ஆமென் சொன்னார்கள். டாறஸ் லாரிக்குக் கொஞ்சம் பலமாகவே சொன்னார்கள். எங்கள் சாலையில் கல் ஏற்றிப் போகும் அந்த லாரிகளுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. கூட்டம் முடிந்து சுண்டலும் காப்பியும் கொடுத்தபோது வந்தவர்கள் ஒவ்வொருவராக ஷெட்டை எட்டிப் பார்த்தார்கள். அங்கே பழைய வண்டியும் சுவரில் புதிய பிளக்கும்தான் இருந்தன.

"டீச்சரே, வண்டி எங்க நிக்கு? காணமே."

"சாருக்க மனசுல நிக்கு" என்றாள் என் மனைவி.

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். டாக்டரைப் பார்த்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, பிரேக்கைக் காத்தருளும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்து மறுபடியும் சிரித்தாள்.

"மேலிடத்துக்கே மனு போட்டாச்சு, இல்லியா?"

"கீழ பதில் வரல."

"அவ காருக்கு ஜெபிச்சா. நீங்க எதுக்கு எழுதிப் போட்டியன்னு எனக்குத் தெரியாதா?"

நான் எதிரே உட்கார்ந்தேன். இனி கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் அவளே பேசினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. தினமும் உண்மையாகவே ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஏமாற்றவில்லை என்றாள். பதில் வரவில்லை, வந்தால் சொல்லாமல் இருப்பாளா என்றாள். சாவைப் பற்றித் தனக்குப் பெரிய பயம் இல்லை என்றும் சொன்னாள்.

"அக்கா நாலு வருஷம் போனா. ஒரு நாளு போவா, மறுநாளு எந்திரிக்க மாட்டா, அடுத்த நாளு பின்னேயும் போவா. போன நாளும் கெடந்த நாளும் எனக்குத் தெரியும். இருந்த நாளு எதுன்னு நானும் எண்ணிப் பாக்கேன், கிட்டல."

அக்கா மலையில் இருந்தார், தூரம் அதிகம், நாம் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஏதோ சொன்னேன். அந்த வண்டியில் குலுக்கமே தெரியாது என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லும்போதே அது எனக்கே ஷோரூம்காரர் பேசுவது போலக் கேட்டது. அவள் கோபப்படவில்லை. எழுந்து டம்ளர்களை அடுக்கினாள்.

"பத்து வருஷம்னு எழுதிக் குடுத்தவருல்லா நீங்க" என்று மட்டும் சொன்னாள். அதில் கேலி இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. காரைப் பற்றியும் கேட்கவில்லை. ஆகஸ்ட் வந்தது. அவளுக்குச் சோற்றைப் பார்த்தால் குமட்டல் வர ஆரம்பித்தது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். காயப்போட்ட துணியை நான் போய் எடுத்துவந்தேன். மடிப்பது சரியில்லை என்று எல்லாவற்றையும் உதறி மறுபடி மடித்தாள். பகலில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். பக்கம் புரட்டுவதாகத் தெரியாது. நான் ஷெட்டுக்குப் போய்ப் பழைய வண்டியைத் துடைப்பேன். அது துடைத்துப் பளபளக்கும் வயதைத் தாண்டிவிட்டது.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் ஷோரூம்காரர் அழைத்தார். கொல்லத்திலிருந்து ஒருவர் அந்த வண்டியைக் கேட்டு முன்பணத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், சாருக்காக இவ்வளவு நாள் வைத்திருந்தேன், மதியத்துக்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். அது உண்மையா, விற்பனைக்காரர்களின் வழக்கமான பேச்சா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேங்காய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கான குழம்புக்கு. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மதியத்துக்குள் பதில் வேண்டுமாம், நான் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அது வேண்டாம்."

காருக்கு மட்டும் வந்த பதில் அல்ல அது என்று நினைத்தேன். சரி என்றேன். போனை எடுக்க முன்னறைக்குத் திரும்பினேன். துருவும் சத்தம் நின்றது.

"இஞ்ச நில்லுங்க. முழுசும் கேட்டுட்டுப் போங்க."

நின்றேன்.

"அது உயரம் கூடுதல். போவும்போ எப்படியும் ஏறிருவேன். திரும்பி வரும்போ காலு தூக்காது, நீங்க ஒத்தைக்குப் பிடிச்சு என்ன ஏத்த முடியுமா? உங்களுக்கு என்ன வயசு? தாழ்ந்த சீட்டா ஒண்ணு பாருங்க. முன்சீட்டு நல்லா சாயணும். பழசானாலும் செரி."

பிறகு துருவ ஆரம்பித்தாள். அடுத்த கேள்வியைக் கேட்கவா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அதையும் அவளே முடித்துவைத்தாள்.

"கையில பண்ணணும்னு சொன்னாரே, அது எடத்தக்கையில பண்ணச் சொல்லணும். வலத்தக்கை எனக்கு வேணும்."

முன்னறைக்குப் போய்ப் போனை எடுத்தேன். ஷோரூம்காரரை அழைக்க வேண்டும் என்பது நினைவில்லை. அவர் மதியம் தானே அழைத்தார். கொல்லத்துக்காரருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டது போலத் தெரியவில்லை. நான் முதலில் அழைத்தது டாக்டரின் ஆஸ்பத்திரியை. வரவேற்பில் இருந்த பெண் நோயாளியின் பெயர், வயது எல்லாம் வரிசையாகக் கேட்டாள். எதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கையில் செய்ய வேண்டிய அறுவைக்கு என்றேன், இடது கை என்றும் சேர்த்துக்கொண்டேன். எந்தக் கை என்று அவள் கேட்கவே இல்லை. நாளைக் காலை வரலாமா என்று கேட்டாள். வருகிறோம் என்றேன். இன்றைய தேதியில் பதிவு செய்துகொள்கிறேன் என்று சொல்லி, தேதி என்ன என்று யாரிடமோ திரும்பிக் கேட்டாள். சுவரில் கோவில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்து நானே சொன்னேன். ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை.